தோலும் ஊசியும் ஒரு நல்ல வார்த்தையும்

"என்ன, செருப்புத் தைக்கப் போறியா?"

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்போது மேசை மீது இருந்தது, நான் முதன்முதலாகத் தோலில் தைத்திருந்த ஒரு சிறிய பை. வங்கி அட்டை, நூலக அட்டை போன்றவற்றை வைப்பதற்கானது. ஓரங்கள் கோணல்மாணல். தையல் பாம்பு போல வளைந்து போயிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விருந்தினர் போன பிறகு அதைப் பழைய கொப்பிகளுக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டிவிட்டேன். இரண்டு மாதங்கள் அதைத் தொடவேயில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு எண்ணங்கள் இருந்தன. ஒன்று, பழகத் தொடங்கிய ஒருவரின் பிழையைப் பார்த்துச் சிரிப்பதில் தவறில்லை என்பது. மற்றது, தோலில் கை வைப்பது தாழ்ந்த வேலை என்பது. இரண்டும் சரிதானா? தேடிப் படித்தும், தைத்துப் பார்த்தும், ஒரு கைத்தொழிலாளியிடம் கேட்டும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

பச்சைத்தோல் பதமான தோலாவது எப்படி?

குர்பான் கொடுக்கும் நாட்களில் உரித்த தோலை நாம் பார்த்திருக்கிறோம். ஈரமாக விட்டால் ஓரிரு நாட்களில் அழுகி நாறும். வெயிலில் காய வைத்தால் பலகை போல விறைத்துவிடும், மடித்தால் வெடிக்கும். அந்தப் பச்சைத்தோலுக்கும் நாம் கடையில் வாங்கும் மென்மையான தோல் பைக்கும் இடையே நடக்கும் வேலைக்குத்தான் பதனிடுதல் என்று பெயர்.

தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறு போல அமைந்திருக்கும் புரதம் அது. ஈரமான தோலிலுள்ள இந்த இழைகளைப் பற்றீரியாக்கள் உணவாக்கிக்கொள்வதால்தான் தோல் அழுகுகிறது. மரப்பட்டையை ஊற வைத்த நீரில் தோலை இட்டால், பட்டையிலுள்ள தனின் என்னும் பொருள் இழைகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிணைத்துக்கொள்கிறது. அதன்பின் பற்றீரியாக்களால் அவற்றை எளிதில் சிதைக்க முடியாது. கடுந்தேயிலையைக் குடிக்கும்போது நாக்கு இறுகுவது போல ஓர் உணர்வு வருமே, அதுவும் தனின் வகைப் பொருட்கள் எமது உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வருவதுதான்.

எங்கள் நாட்டின் வறண்ட பகுதிகளில் மஞ்சள் பூப் பூக்கும் ஆவரசு வளர்கிறது. சிங்களத்தில் ரணவறா என்பார்கள். அதன் பூவை அவித்துக் குடிப்பதை நாம் அறிவோம். ஆனால் அதன் பட்டை தோல் பதனிடுவதற்குப் பெயர் போனது என்பது எனக்குப் புதிய செய்தி. ஆங்கிலத்தில் அந்தச் செடிக்குத் தோல் பதனிடுவோரின் பெயரையே சேர்த்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இந்தப் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இன்றும் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்குள்ள முஸ்லிம்கள் பலர் தலைமுறைகளாக இத்தொழிலில் இருக்கிறார்கள்.

பட்டையால் பதனிட வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள்கூட எடுக்கும். 19ஆம் நூற்றாண்டில் குரோமியம் உப்புகளால் பதனிடும் முறை வந்தது. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். இம்முறையில் ஏறக்குறைய ஒரு நாளிலேயே தோல் பதமாகிவிடும். இன்று உலகில் விற்கப்படும் தோலில் மிகப் பெரும்பகுதி இப்படிப் பதனிடப்பட்டதே. ஆனால் கழிவு நீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் ஆறும் நிலத்தடி நீரும் கெட்டுவிடும். தமிழ்நாட்டின் பாலாறு அதற்கு வருத்தமான உதாரணம். ஆகவே தோல் என்பது முழுக்க முழுக்க நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு மிருகத்தின் உயிரும் ஓர் ஆற்றின் நீரும் அதில் சேர்ந்திருக்கின்றன என்பதால், கையில் கிடைத்த தோலை வீணாக்காமல், நீண்ட காலம் உழைக்கும்படி பயன்படுத்துவது எமது கடமை என்றே சொல்கிறேன்.

அன்னையரின் கைத்தொழில்

தோலை வீணாக்காதிருப்பது எமக்கு மார்க்கம் கற்றுத்தந்த விடயம். அன்னை மைமூனா (ரழி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று இறந்து கிடந்தது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது செத்த ஆடு என்று சொல்லப்பட்டபோது, அதை உண்பதுதான் தடுக்கப்பட்டது என விளக்கினார்கள். இச்சம்பவம் புஹாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அன்னை ஸவ்தா (ரழி) அவர்கள் தங்கள் வீட்டில் இறந்த ஆட்டின் தோலைப் பதனிட்டு, அது பழைய தோற்பையாகும் வரை அதில் பானம் ஊற வைத்ததாகவும் புஹாரியில் இருக்கிறது. நபியவர்கள் உறங்கிய விரிப்பே ஈச்ச நார் அடைத்த தோல்தான்.

எல்லாவற்றிலும் என் மனதைத் தொட்டது அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களின் வரலாறு. தமது மனைவியரில் எவருடைய கை நீளமானதோ அவரே தம்மை முதலில் வந்து சேர்வார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்தார்களாம். பின்னர் முதலில் வபாத்தானவர் ஸைனப் (ரழி) அவர்கள். தம் கையால் உழைத்துத் தர்மம் செய்தவர் என்பதால் அவரது கையே நீளமானது என்பதை அப்போது விளங்கிக்கொண்டோம் என்று அன்னை ஆஇஷா (ரழி) அவர்கள் அறிவித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காணலாம். அவர் செய்த கைத்தொழில் என்ன? தோல் பதனிடுவதும் தைப்பதும் என்று வேறோர் அறிவிப்பு சொல்கிறது.

இதைப் படித்த அன்று நான் அலுமாரியைத் திறந்து பையை வெளியே எடுத்தேன். உம்முல் முஃமினீன் ஒருவர் செய்த வேலையைத் தாழ்ந்தது என்று யார் சொல்ல முடியும்? செருப்பும்கூட அப்படித்தான். நபி (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பதை மக்தபில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். படித்துவிட்டு, வீதியோரத்தில் அதே வேலையைச் செய்பவரைக் குறைவாகப் பார்க்கிறோம்.

பிற்காலத்தில் முஸ்லிம்களின் தோல் வேலை உலகெங்கும் பேசப்பட்டது. மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் பழைய முறைப்படி தோல் பதனிடும் தொட்டிகள் இன்றும் இயங்குகின்றன. அந்த நாட்டு ஆட்டுத் தோலை ஐரோப்பியப் புத்தகக் கட்டுநர்கள் மொரோக்கோ என்ற பெயராலேயே அழைத்தார்கள். முஸ்ஹபுகளுக்குத் தோல் அட்டை கட்டி, பக்கங்களின் ஓரத்தை மூடும் ஒரு மடிப்பையும் வைத்தது இஸ்லாமியப் புத்தகக் கட்டுக் கலையின் அடையாளம்.

நீங்களும் தைத்துப் பார்க்கலாம்

ஆரம்பிப்பவருக்கு ஏற்றது இரண்டே துண்டுகளில் முடியும் அட்டைப் பை. தேவையானவை: 1 முதல் 1.5 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள தோல் துண்டு, கூரிய கத்தி, இரும்பு அடிமட்டம், குத்தூசி, முனை மழுங்கிய இரண்டு ஊசிகள், மெழுகிட்ட நூல், சிறிது சப்பாத்துப் பசை. புதிய தோல் வாங்க வேண்டியதில்லை. பழைய கைப்பையொன்றை வெட்டினாலே போதும். ஆனால் அது தோல்தானா, ரெக்சினா என்று முதலில் பாருங்கள். வெட்டிய ஓரத்தில் நுண்ணிய இழைகள் தெரிந்தால் தோல். துணியின் மீது பிளாஸ்டிக் ஒட்டியது போலத் தெரிந்தால் ரெக்சின்.

முதலில் கடதாசியில் மாதிரி வெட்டுங்கள். வங்கி அட்டையின் அளவு 85.6 மில்லிமீற்றருக்கு 54 மில்லிமீற்றர். தையலுக்கு இடம் விட வேண்டுமென்பதால் ஒவ்வொரு துண்டும் 10 சென்ரிமீற்றர் அகலமும் 6.5 சென்ரிமீற்றர் உயரமும் இருக்கட்டும். முன்பக்கத் துண்டின் மேல் நடுவில் பெருவிரல் நுழையுமளவுக்கு, 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் அரைவட்டமாக வெட்டினால் அட்டையை இழுத்தெடுப்பது இலகு. தோலை ஒரே அழுத்தில் வெட்ட முயலாதீர்கள். மெதுவாக இரண்டு மூன்று முறை இழுங்கள். அடிமட்டத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் கத்தியின் பாதையில் இருக்கவே கூடாது.

பிறகு மூன்று ஓரங்களிலும் மெல்லியதாகப் பசை பூசி இரண்டு துண்டுகளையும் ஒட்டுங்கள். யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்தப் பசையின் மணம் தலையிடி தரும். ஓரத்திலிருந்து 4 மில்லிமீற்றர் உள்ளே ஒரு கோடு வேண்டும். கணிதப் பெட்டியிலுள்ள பிரிகருவியை 4 மில்லிமீற்றருக்கு விரித்து ஓரத்தோடு இழுத்தால் கோடு அழகாக விழும். துளைகள் சம தூரத்தில் விழுவதற்கென்று விசேட கருவி உண்டு. அது இல்லாதவர்கள் சாப்பாட்டு முள்ளுக்கரண்டியை அழுத்தி அடையாளம் வைக்கலாம். ஒவ்வொரு முறையும் கரண்டியின் முதல் முள்ளை முந்திய கடைசி அடையாளத்தில் வைத்தால் இடைவெளி மாறாது. அந்த அடையாளங்களில் குத்தூசியால், கீழே பலகை வைத்து, நேராகத் துளையிடுங்கள்.

இனித் தையல். துணி தைக்கும் இயந்திரம் இரண்டு நூல்களைக் கொண்டு தைக்கிறது. மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் கொழுவிக்கொள்ளும். ஓரிடத்தில் ஒன்று அறுந்தால் அதைத் தொடர்ந்து தையல் பிரியத் தொடங்கும். தோலில் கையால் போடுவது சேணத் தையல். குதிரைச் சேணம் தைப்பவர்களின் முறை என்பதால் அந்தப் பெயர். இதில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிர்த் திசையில் செலுத்த வேண்டும். ஆகவே ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் எல்லாத் துளைகளிலும் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நூலின் அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு, அத்துடன் ஊசி கோப்பதற்குக் கொஞ்சம். எங்கள் பையில் மூன்று ஓரங்களும் சேர்ந்து 23 சென்ரிமீற்றர். நான்கு மடங்கு 92. எனவே 120 சென்ரிமீற்றர் நூல் போதும். கடைசித் துளைக்கு வந்ததும் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை வெட்டிவிடுங்கள். இறுதியில் ஓரங்களைச் சாண்ட் பேப்பரால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பட்டையால் பதனிட்ட தோலாயின் ஓரத்தைச் சற்று நனைத்துத் தடித்த துணியால் வேகமாகத் தேய்த்தால் கண்ணாடி போல மினுங்கும். குரோமியத்தில் பதனிட்ட தோல் இந்தளவுக்கு மினுங்காது. அது உங்கள் பிழையல்ல.

என் பிழைகளும் ஓர் ஐயாவின் சொல்லும்

நான் விட்ட பிழைகள் இரண்டு. இரு துண்டுகளையும் ஒட்டுவதற்கு முன் தனித்தனியே துளையிட்டேன். ஒட்டிய பிறகு துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வரவில்லை. அடுத்தது, சேணத் தையலில் எந்தக் கை ஊசி முதலில் போக வேண்டுமோ அதுவே ஒவ்வொரு துளையிலும் முதலில் போக வேண்டும். நான் நினைத்த நினைத்தபடி மாற்றினேன். அதனால்தான் தையல் பாம்பாகிப் போனது. ஆனால் இந்த இரண்டும் பெருநாளன்று எனக்குத் தெரியாது. எனக்குக் கை வராது என்றுதான் நினைத்தேன்.

அலுமாரியிலிருந்து பையை எடுத்த அடுத்த வாரம், அடிப்பாகம் கழன்ற என் பாடசாலைச் சப்பாத்தைத் தைப்பதற்காக பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் இருக்கும் ஐயாவிடம் உம்மாவுடன் போனேன். தயங்கித் தயங்கிப் பையையும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, திருப்பிப் பின்பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"பிள்ளை, எங்க தொடங்கின நீங்க? இந்தப் பக்கம்தானே? முதல் பத்துத் தையலும் கோணல். கடைசிப் பத்தையும் பாருங்க, நேரா வருது. கை பழகிட்டுது. இனி ஒட்டிப்போட்டு ஓட்டை போடுங்க."

அவ்வளவுதான். நான் நூறு முறை பார்த்த அதே பையில், கடைசித் தையல்கள் நேராக இருப்பதை அதுவரை நான் கண்டதேயில்லை. எழும்பும்போது ஒரு கை நிறைய வெட்டுத் துண்டுகளையும் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஊக்கம் என்பது என்ன?

அவர் பொய்யாகப் புகழவில்லை. மிக அழகு, கெட்டிக்காரப் பிள்ளை என்றெல்லாம் சொல்லவில்லை. கோணலைக் கோணல் என்றே சொன்னார். எது முன்னேறியிருக்கிறது என்பதை விரல் வைத்துக் காட்டினார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னார். நல்ல ஊக்கத்தில் இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்று இப்போது விளங்குகிறது.

இதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். 1998இல் கிளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் நடத்திய சோதனைகளை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுக்கப்பட்டன. முடித்ததும் சிலரை, நீ புத்திசாலி என்று புகழ்ந்தார்கள். சிலரை, நீ நன்றாக முயன்றிருக்கிறாய் என்று புகழ்ந்தார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லோரும் தடுமாறினார்கள். அதன்பின் முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் ஆர்வம் குறையாமல் தொடர்ந்தார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களோ சோர்ந்தார்கள். அவர்களின் பெறுபேறும் குறைந்தது. காரணம் விளங்கக்கூடியதே. புத்திசாலி என்ற பெயர் பெற்றவருக்கு ஒரு தோல்வி அந்தப் பெயரையே பறித்துவிடும். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவருக்கோ தோல்வி வந்தால் இன்னும் முயல வேண்டும் என்று மட்டுமே பொருள்.

இப்போது எங்கள் வகுப்பில் கைவேலை செய்யும் ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். ஒருத்தி குரோஷே பின்னுகிறாள். இருவர் பன் புல்லில் பின்னப் பழகுகிறார்கள். ஒருத்தி கடதாசியில் பூச் செய்கிறாள். நான் தோல். மாதத்தில் ஒரு நாள் இடைவேளையில் செய்ததைக் கொண்டுவந்து காட்டுவோம். ஒரே ஒரு நிபந்தனை: நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லக்கூடாது. எந்த இடம் நல்லாயிருக்கிறது என்று தொட்டுக் காட்ட வேண்டும். பிழையைச் சொன்னால் அதைத் திருத்தும் வழியையும் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால், இதை எப்படிச் செய்தாய் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியும் ஒரு பெரிய ஊக்கம்தான். செய்தவள் விளக்கத் தொடங்கும்போது அவளது முகத்தைப் பார்க்க வேண்டும்!

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உயர்தரப் பரீட்சை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். என் உம்மாவும் கேட்டார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒன்றரை மணி நேரம் என்று பேசி முடிவெடுத்தோம். அந்த நேரத்தில் நான் கற்றதைப் புத்தகத்திலிருந்து மட்டும் கற்றிருக்க முடியாது. பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கலாம், அவிழ்த்துவிட்டு மீண்டும் தைக்கலாம் என்பதுதான் அது. கொலாஜன் பற்றிய பாடம் வந்தபோது எனக்கு அது வெறும் பெயராக இருக்கவில்லை.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் தோல்களைப் பற்றியும் கொஞ்சம் சிந்திப்போம். அவற்றை விற்றுக் காசாக்கவோ, அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுக்கவோ கூடாது என்பதை உலமாக்கள் சொல்லித்தருகிறார்கள். தர்மமாகக் கொடுக்கலாம். நாமே பதனிட்டுப் பயன்படுத்தவும் செய்யலாம். உப்பிட்டு, பழுதாகாமல் உரியவர்களிடம் சேர்த்தாலே ஒரு நிஃமத் புதைகுழிக்குப் போகாமல் தப்பும்.

உங்கள் பிள்ளை கோணலாக ஏதாவது செய்துகொண்டு வந்து காட்டினால், அந்த ஐயாவைப் போல ஒரு தடவை அதைத் திருப்பிப் பாருங்கள். நேராகிய பத்துத் தையல் எங்காவது இருக்கும்.

அந்த முதல் பையை நான் வீசவில்லை. இப்போது அதில்தான் எனது நூலக அட்டை இருக்கிறது. பார்ப்பவர்கள் சிலர் இன்னும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். என்னிடம் இப்போது பதில் இருக்கிறது.

"செருப்புத் தைக்க இன்னும் பழகவில்லை. அது இதைவிடக் கஷ்டமான வேலை. இன்ஷா அல்லாஹ், பழகுவேன்."